பக்கத்துக் கதிரை

தேர்தல் முடிவு வந்த காலையில், சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும், ஸ்ரீதரன் தன் இரும்புக்கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மொத்தம் இருபத்தொரு உறுப்பினர்கள். எதிர்ப்பக்கம் பத்து. மீதிப் பதினொன்றும் மூன்று சின்னங்களில் சிதறிக் கிடந்தன. அந்தப் பதினொன்றையும் ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்து, வாக்கெடுப்பு நாள்வரைக்கும் வெளியே விடாமல் வைத்திருந்தால் சபைத் தலைமையான தவிசாளர் கதிரை அவருக்கு.

கெலிஓயாவுக்கு அப்பால் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பிரதேச சபையில் தமிழர் ஒருவர் இதுவரை தவிசாளராக இருந்ததில்லை. ஸ்ரீதரனின் அப்பா புசல்லாவைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்து, மற்றவர் கடைகளில் சிமெந்து மூட்டை சுமந்தவர். கடைத்தெருவில் இதை யாரும் மறக்கவில்லை. ஸ்ரீதரனும் மறக்கவில்லை.

பதினொன்றில் ஒன்று அவருடைய அக்கா மகள் துஷானி. பேராதனையில் இரசாயனம் படித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் மாமா அவள் பெயரைப் போட்டார். மேடை ஏறவில்லை, வீடு வீடாகப் போகவில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவள் வாய் திறந்து கேட்கமாட்டாள். அதுவே நல்லதென்று மாமா நினைத்தார்.

இன்னொன்று ருக்கியா. துணிக்கடை நபீலின் அண்ணன் மனைவி. அண்ணன் முஹைதீன்தான் தேர்தலில் நிற்பதாக இருந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் அவர் படுக்கையில் விழ, தன் இடத்தில் மனைவியின் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ருக்கியா இப்படித்தான் உறுப்பினரானாள். நபீலின் சுயேச்சைக் குழுவுக்கு இரண்டு ஆசனம். அதற்கு விலையாக உப தவிசாளர் பதவி நபீலுக்கு என்று பேசி முடிந்திருந்தது.

வாக்கெடுப்புக்கு முன்பு பதினொரு பேரையும் புசல்லாவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த ஒரு விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மறுபக்கம் யாரையும் அழைத்து விலை பேசாதிருக்க எல்லாருடைய கைபேசிகளும் ஒரு துணிப்பைக்குள் போயின. பையை மாமா துஷானியிடம் கொடுத்தார்.

"இவகிட்ட இருந்தா பை இருக்கிறதே யாருக்கும் தெரியாது" என்றார். ஆண்கள் சிரித்தார்கள்.

ருக்கியா மட்டும் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் முஹைதீன் இருந்தார். மகள் மின்ஹா பக்கத்தில் இருந்தாள். நேற்று எழுந்து உட்கார்ந்து பிளேன் டீ கேட்டாராம். போய்க் கையை உயர்த்திவிட்டு வா என்று அவரேதான் அனுப்பி வைத்தாராம். இருந்தாலும் மின்ஹாவின் அழைப்பு வந்தால் அந்த நிமிடமே தன் கைக்கு வரவேண்டும், இல்லையென்றால் இப்போதே திரும்பிப் போகிறேன் என்றாள். ஸ்ரீதரன் எதிரே தெரிந்த தோட்டத்துக் கோவில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். ருக்கியா அவரைப் பார்க்கவில்லை, துஷானியைப் பார்த்தாள்.

"ஆம்பிளையள்ட சத்தியம் எனக்கு வாணாம். நீ சொல்லுவாய் தானே, மகள்?"

துஷானி தலையாட்டினாள்.

ருக்கியாவின் கைபேசியும் பைக்குள் போயிற்று. இருவருக்கும் ஒரே அறை. கட்டில் மேல் துவாயை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ருக்கியா அதைக் கலைக்காமல் மேசையில் தூக்கி வைத்து, அதற்கு நபீல் என்று பெயர் வைத்தாள். கழுத்து மட்டும் நீளம், உள்ளே ஒன்றும் கிடையாது என்றாள். முட்டையை அடை வைத்தது போல நம் இரண்டு பேரையும் வைத்திருக்கிறார்கள், எந்த முட்டையில் என்ன குஞ்சு என்று அவர்களுக்கே தெரியாது என்றாள். துஷானிக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தாள். அதையும் ருக்கியா விடவில்லை. சிரிப்பையும் பையில் போட்டுக் கட்டியா வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

வாக்கெடுப்பு நாள் விடியும்போது ருக்கியா முசல்லாவை விரித்துச் சுபஹ் தொழுதுகொண்டிருந்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய பை அதிர்ந்தது. துஷானி கைவிட்டு எடுத்தாள். திரையில் மின்ஹா என்று இருந்தது.

தொழுகிறவரை இடையில் நிறுத்தக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். முடியட்டும் என்று நின்றாள். அதிர்வு நின்றது, மறுபடி தொடங்கியது. எந்த அழைப்பு வந்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவா என்று மாமா தனியாகச் சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது. பையோடு வெளியே போனாள்.

வராந்தாவில் மாமாவும் நபீலும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கைபேசியை வாங்கி, பேரைப் பார்த்து, நபீலிடம் நீட்டினார். நபீல் காதில் வைத்தார். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கீழே மலைப்பாதையில் முதல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைந்தது.

"நானா மௌத்தாயிட்டார்" என்றார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

மாமா எழுந்து அவர் முதுகைத் தடவினார். பிறகு நபீல்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மதினிக்கு இப்போது சொன்னால் அந்த இடத்திலேயே இத்தாவில் உட்கார்ந்துவிடுவா. புருஷன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டா, பிற ஆண்கள் முன்னால் நிற்கமாட்டா. சபைக்கு எங்கே வருவது, கை எங்கே உயர்த்துவது. பத்துக்குப் பத்து என்று நின்றுவிடும்.

மாமா கணக்குப் போட்டார். கூட்டம் பத்து மணிக்கு. முதல் வேலையே வாக்கெடுப்பு. பத்தரைக்கு ருக்கியாவை வண்டியில் ஏற்றினால் கால் மணியில் வீடு. மையத்து எடுப்பது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. முகம் பார்க்க நேரம் தாராளமாக இருக்கிறது. நபீல் ஆமாம் என்றார். பைக்குள்ளிருந்து தன் கைபேசியை எடுத்து மின்ஹாவை அவரே திரும்ப அழைத்து, உம்மா புறப்பட்டாச்சு, வழியில் சிக்னல் கிடைக்காது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. இரண்டு கைபேசிகளும் திரும்பப் பைக்குள் போயின.

துஷானி அங்கேயே நின்றாள். மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள அப்பிடிப் பாக்கிற? ஒன்னய யாரும் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இரு. அது ஒனக்கு நல்லா வரும்தானே."

அறைக்குத் திரும்பியபோது ருக்கியா முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தாள். கணவனுக்காக இன்று கொஞ்சம் கூடுதலாகத் துஆ கேட்டதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"போன் ஏதும் வந்ததா?"

துஷானி இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு நாளுக்குள் ஒரே ஆளிடம் ஆட்டிய இரண்டாவது தலையாட்டு.

காலைச் சாப்பாட்டில் நபீல் எதையும் தொடாமல் இருந்தார். கண் சிவந்திருந்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று ருக்கியா கேட்டு, தன் பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கி மூக்கில் தடவிக்கொண்டார். பிறகு பரிமாறுகிறவன் முட்டை அப்பம் கொண்டு வந்தபோது ஒன்று எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார்.

பஸ் புறப்பட்டது. துஷானி சன்னலோரம், மடியில் பை, பக்கத்தில் ருக்கியா. வளைவுக்கு வளைவு ருக்கியா பேசிக்கொண்டே வந்தாள். வாக்கெடுப்பு முடிந்த கையோடு கண்டிக்கு பஸ் பிடிக்க வேண்டும். மனிசன் எல்லாவற்றையும் கேட்பார். யார் எந்தக் கதிரையில் உட்கார்ந்தது, யார் முகம் எப்படிச் சுண்டியது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கை உயர்த்துவதற்குக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பழக்கினாராம். தாதி வந்து, ஊசி போடவா கூப்பிட்டீர்கள் என்று கேட்டாளாம்.

அப்போது பை மறுபடி அதிர்ந்தது. துணிக்கு மேலே துஷானியின் இரு கைகளும் இருந்தன. தொடை எலும்பு வரைக்கும் அந்த அதிர்வு போயிற்று.

"யார்ட போன் அது?" என்றாள் ருக்கியா.

"என்னோடது."

அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக ஒரு சொல் வந்ததே இல்லை. கையைப் பைக்குள் விட்டாள். பதினொரு கைபேசிகளுக்குள் அதிர்கிற ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கி, அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அது கைக்குள்ளேயே அடங்கியது.

கம்பளையில் பஸ் பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரை வழியாகத் திரும்பியது. வழக்கமான பாதையில் போனால் முஹைதீன் வீட்டு முடுக்கு வரும். அதன் வாயிலில் இந்நேரம் வெள்ளைக் கொடி கட்டியிருப்பார்கள். ஏன் இந்த வழி என்று ருக்கியா கேட்டாள். பாதை வேலை நடக்கிறது என்று முன் சீற்றிலிருந்து நபீல் சொன்னார்.

சபை மண்டபத்தில் பெயர் ஒட்டிய கதிரைகள் போட்டிருந்தன. துஷானிக்கும் ருக்கியாவுக்கும் அடுத்தடுத்த கதிரை. கண்டியிலிருந்து வந்த உள்ளூராட்சி ஆணையாளர் மேடையில் இருந்தார். பத்து மணிக்குச் சரியாகக் கூட்டம் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றும் விட்டது. வாக்கெடுப்பு பகிரங்கமாகவா இரகசியமாகவா என்று எதிர்ப்பக்கத் தலைவர் வீரசிங்கம் எழுந்து கேட்டார். முன்பு மூன்று தடவை இந்தச் சபையில் இருந்தவர் அவர். இரகசியமாக வைத்தால் பதினொன்றில் ஒன்றைக் கழற்றலாம் என்பது அவர் நம்பிக்கை. பகிரங்கமாக வைத்தால் ஒருவரும் நழுவ முடியாது என்பது ஸ்ரீதரனுடைய நம்பிக்கை. இருபக்கமும் எழுந்து கத்தினார்கள். ஒருவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். ஆணையாளர் இரண்டு தடவை கூட்டத்தை நிறுத்தி வைத்தார். பத்தரை போனது. பதினொன்றரையும் போனது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நபீல் ஒருமுறை வெளியே போய் யாரோ ஒருவரின் கைபேசியில் பேசிவிட்டு வந்தார். வந்து மாமாவின் காதில் சொன்னது, மண்டபத்துச் சத்தத்தில், அவருக்கு நேர் பின்னால் இருந்த துஷானிக்கு மட்டும் கேட்டது. மையத்தை லுஹருக்கு மேல் வைத்திருக்க முடியாதாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் நபீலே சொல்லிவிட்டாராம்.

துஷானி பக்கத்தில் பார்த்தாள். ருக்கியா தன் கதிரைக் கையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டின் மூலையை நகத்தால் அமுக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சுண்டுவிரலில் தேர்தல் மை இன்னும் பாதி இருந்தது. இப்போது குனிந்து அந்தக் காதில் இரண்டு சொல் சொல்லலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. துஷானி அந்தச் சொற்களை மனதுக்குள் கோர்த்துப் பார்த்தாள். எதை முதலில் சொல்வது, மௌத்தானதையா, காலையிலிருந்து தெரியும் என்பதையா என்று தெரியவில்லை. அதற்குள் கைகள் உயர்ந்தன. பகிரங்க வாக்கெடுப்புக்குப் பதினொன்று, எதிராகப் பத்து. ருக்கியாவின் கை நன்றாக நிமிர்ந்து, பழக்கின மாதிரியே இருந்தது. உயர்த்திவிட்டு இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இனித் தவிசாளர் தெரிவு. பெயர்களை முன்மொழியச் சொல்லி ஆணையாளர் கேட்டார். வீரசிங்கம் மறுபடி எழுந்தார். இந்தமுறை குரல் தாழ்ந்திருந்தது.

"ஆணையாளர் அவர்களே, அதுக்கு முன்ன ஒரு கடமை இருக்கு. எறந்துபோன ஒருத்தருக்காக நாம எல்லாரும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிக்கணும்."

மரணத்துக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. ஆணையாளர் எழுந்தார், மண்டபமே எழுந்தது. கதிரைகள் இழுபட்ட சத்தம் அடங்கியதும் வெளியே மரத்தில் காகம் கரைவது கேட்டது. ருக்கியாவும் எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். பாதி நிமிடம் போனபின் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"யாராம், மகள்?"

துஷானி மேசையைப் பார்த்தாள். மீதி அரை நிமிடமும் பார்த்தாள்.

நிமிடம் முடிந்தது. வீரசிங்கம் சொன்னார், உறுப்பினர் ருக்கியாவின் கணவர் முஹைதீன் இன்று அதிகாலை காலமானார், இந்தச் சபை தன் அனுதாபத்தை அவருக்குத் தெரிவிக்கிறது என்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ருக்கியா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, மரணச் செய்திக்குச் சொல்லும் அந்த வசனம் முழுவதையும் மெல்லச் சொல்லி முடித்தாள். பிறகு முன்வரிசையைப் பார்த்தாள்.

"எப்ப, நபீல்?"

"சுபஹுக்கு, மதினி."

அவள் யோசித்தாள். முசல்லாவையும் தைலத்தையும் பஸ்ஸையும் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு வருவது துஷானிக்குத் தெரிந்தது. கடைசியில் அவள் கண் துஷானியின் மடியில் இருந்த பையில் வந்து நின்றது. குனிந்து, கையைத் தானே உள்ளே விட்டு, தன் கைபேசியை எடுத்தாள். அணைந்து கிடந்த அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். அது விழித்ததும் மின்ஹாவின் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.

நபீல் எழுந்து வந்தார். ஒரே ஒரு கை, மதினி, ஒரு நிமிஷம்தான், இது நானாவின் ஆசை என்று கெஞ்சினார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். உறுப்பினர் விரும்பினால் போகலாம் என்று ஆணையாளர் சிங்களத்தில் சொன்னபோது அவள் கதவைத் தாண்டியிருந்தாள்.

கூட ஒருவர் போக வேண்டும். எல்லோருக்கும் அது தெரிந்தது. துஷானியின் கதிரை பின்னால் நகர்ந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி, "ஒன்பது" என்று மட்டும் சொன்னார்.

அவள் கதிரையை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஸ்ரீதரனுக்குப் பத்துக் கைகள், வீரசிங்கத்துக்குப் பத்துக் கைகள். சரிசமமானால் திருவுளச்சீட்டு என்பது சட்டம். செயலாளர் தேநீருக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் துகளைத் தட்டிவிட்டு, மடித்த இரண்டு துண்டுகளையும் அதற்குள் போட்டுக் குலுக்கினார். ஆணையாளர் கைவிட்டு ஒன்றை எடுத்தார். ஸ்ரீதரனின் பெயர் வந்தது. உப தவிசாளருக்கும் அதே டின், அதே அதிர்ஷ்டம், நபீலின் பெயர். வெளியே பட்டாசு வெடித்தது.

வீரசிங்கம் வந்து மாமாவின் கையைக் குலுக்கினார். தோற்றவர்போலத் தெரியவில்லை.

"அந்தம்மாவைக் காலையிலயே வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் இதே டின்னுதான், இதே சீட்டுதான். வீணாப் பாவத்தச் சேத்துக்கிட்ட, ஸ்ரீதரன்."

"ஒங்களுக்கு எப்ப தெரியும், அண்ணே?"

"ஏழு மணிக்குப் பள்ளிவாசல்ல சொன்னாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாதான் முதலில் சிரித்தார்.

பின்னேரம் புதுத் தவிசாளரும் உப தவிசாளரும் ஜனாஸா வீட்டுக்குப் போனார்கள். மாலைகளைக் கழற்றி வேனிலேயே வைத்தார்கள். முடுக்கு நெடுக வெள்ளைக் கொடிகள். ஆண்கள் வாசலில் பந்தலுக்குக் கீழ் உட்கார்ந்தார்கள். இத்தாவில் இருக்கிறவளை மைத்துனன்கூடப் பார்க்க முடியாது. பெண் ஒருத்திதான் உள்ளே போகலாம். அதனால் துஷானியை உள்ளே அனுப்பினார்கள். ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினார்கள். பத்துக்குப் பத்து என்று ஒவ்வொரு கூட்டமும் பிஸ்கட் டின்னை நம்பி நடத்த முடியாது. மதினி பதவி விலகினால் அந்த இடத்துக்கு நபீலின் மனைவி ரிஸ்னாவை உடனே போடலாம். பக்குவமாகக் கேட்டுப் பார் என்று மாமா சொன்னார்.

கதவடியில் மின்ஹா நின்றாள். முகம் வீங்கியிருந்தது. யார் என்று கேட்கவில்லை; விலகி வழி விட்டாள். உள்ளறையில் ருக்கியா கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"இரு" என்றாள்.

துஷானி இருந்தாள். ருக்கியா வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். சபை வாசலில் வெற்றி ஊர்வலத்துக்கு வந்த வாகனங்கள் இருபக்கமும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு ஓட்டோகூட அசையவில்லை. பிரதான வீதிவரைக்கும் நடந்தாளாம், ஓடினாளாம். வந்து சேரும்போது மையத்தைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"முகம் பாக்கல்ல" என்றாள். "யார் வென்ற?"

"மாமா."

"எப்பிடி?"

"சீட்டுக் குலுக்கி."

ருக்கியா பாயின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப நான் இருந்தும் ஒண்டு, இல்லாட்டியும் ஒண்டு." பிறகு முதல்தடவையாக அவளைப் பார்த்தாள். "ஒன்ன என்னத்துக்கு அனுப்பின? விலகச் சொல்லத்தானே?"

ருக்கியாவுக்குப் பதில் தேவைப்படவில்லை.

"விலகமாட்டேன். அந்தக் கதிரைக்காகத்தான் நான் என்ட மனிசன்ட முகத்தைப் பாக்காம விட்ட. அது என்ட கதிரை. இத்தா முடிஞ்சி வந்து, ஒன்ட பக்கத்தில, நாலு வருஷமும் உக்காருவேன். நீ ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ட மூஞ்சப் பாத்துத்தான் இருக்கோணும்."

சட்டத்தையும் விசாரித்து வைத்திருந்தாள். விடுமுறை பெறாமல் அடுத்தடுத்து மூன்று கூட்டங்களுக்கு வராவிட்டால் பதவி போய்விடும். ஆனால் இன்னொரு உறுப்பினர் எழுந்து அவளுக்காக விடுமுறை கேட்டு, சபை ஏற்றுக்கொண்டால் போதும். ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு விடுமுறை இல்லை என்று எந்தப் பக்கமும் கை உயர்த்தத் துணியாது.

"நீதான் கேக்கோணும். இண்டைக்கு மூடின வாயை எனக்காக மாசத்துக்கு ஒருக்கா தொற. வேற ஒண்டும் ஒன்னிட்ட நான் கேக்கல்ல. கேப்பாய் தானே?"

துஷானி தலையாட்டினாள்.

வேனில் ஏறியதும் என்ன சொன்னா என்று மாமா கேட்டார். முடியாதாம் என்றாள். நபீல் ஒன்றும் கலங்கவில்லை. மூன்று கூட்டம் போகட்டும், யாரும் விடுமுறை கேட்காவிட்டால் தானாகக் கழன்றுவிடும், நம் ஆட்களில் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். மாமா துஷானியைக் கண்ணாடியில் பார்த்தார். மாலைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள், நசுங்கப் போகிறது என்றார்.

முதல் கூட்டத்துக்கு அவள் வாக்கியத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஆறேழு சொற்கள், தடக்காமல் வந்தன. செயலாளர் வரவு வாசித்தார். ருக்கியாவின் பெயருக்கு மண்டபம் அமைதியாக இருந்தது. யாராவது அவருக்காக விடுமுறை கோருகிறீர்களா என்று தவிசாளர் கதிரையிலிருந்து மாமா கேட்டார். பத்தொன்பது முகங்கள். எதிர்ப்பக்கம் வாய் திறக்காது. ருக்கியாவின் பேச்சை எடுத்தால், ஏழு மணிக்கே தெரிந்தும் அவளிடம் சொல்லாத கதையும் சேர்ந்து கிளம்பும். துஷானி மேசை விளிம்பைப் பிடித்தாள், எழவில்லை. இரண்டு விநாடிதான் இருக்கும். மாமா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை மின்ஹாவின் செய்தி வந்தது. லீவு கேட்டீங்களா, உம்மா விசாரிக்கிறா. துஷானி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பாள். அதற்கும் ஏதாவது எழுத வேண்டும். பெருவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்த அடையாளம் விழுந்தது. பிறகு மனது ஆச்சரியமாக லேசானது.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்பு அவளுக்குப் பயமாக இருந்தது. இப்போது எழுந்து கேட்டால் போன மாதம் கேட்கவில்லை என்பதும் சேர்ந்து வெளியே வரும். கேட்கவில்லை. மாலையில் மறுபடி பெருவிரலை அனுப்பினாள். மூன்றாவது கூட்டத்தில் பயமும் இல்லை. செயலாளர் ருக்கியாவின் பெயரை வாசித்தபோது அவள் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் வளர்ந்து மை விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் ஒருமுறை வெட்டினால் போய்விடும். அந்த மாதம் மாமா அவளுக்குப் பிரதேசத்தின் நீர்ப் பரிசோதனைக் குழுவில் ஓர் இடம் போட்டுக் கொடுத்தார். அவளுடைய படிப்புக்குப் பொருத்தமான இடம்.

இடம் காலியானதை நபீல் வெளியே விடவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்வரும்போதும் சொல்லவில்லை. அரிசியும் சீனியும் இறக்கிவிட்டு, வாசலிலிருந்தே சலாம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கூட்ட நாள் காலை துஷானி சீக்கிரமே மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கைபேசி மினுங்கியது. மின்ஹா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தையல் மெஷினில் வெள்ளைத் துணி இல்லை. அதன்மேல் கடும்நீல அபாயா ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. கீழே எழுதியிருந்தாள். உம்மாட இத்தா வாற கிழமை முடியுது. சபைக்குப் போடத் தைக்கிறா. ஒங்கட பக்கத்துக் கதிரை காத்தாடிக்குக் கீழ இருக்கா என்று கேட்கச் சொன்னா, துணி பறக்குமாம்.

துஷானி மேலே பார்த்தாள். காத்தாடி நேர் மேலேதான் சுழன்றுகொண்டிருந்தது. பெருவிரலை அனுப்பிவிட்டு, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

வாசலில் வாசனைத் தைலம் மணத்தது. நபீலின் மனைவி ரிஸ்னா புதுக் கைப்பையோடு வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலியாக இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். அதன் கையில் பழைய பெயர்ச் சீட்டைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது யார்ட இடம், தங்கச்சி?"

மண்டபத்தில் இதுவரைக்கும் துஷானியின் குரலை யாரும் கேட்டதில்லை. தெளிவாகத்தான் இருந்தது.

"யாரோடதும் இல்ல" என்றாள். "உக்காருங்க."